பச்சை வெளிச்சம் போய் நின்ற இடம்

ஜூலை 3, வியாழன்

இதனால் சகல ஜனங்களுக்கும் மிகுந்த துயரத்துடன் அறிவிப்பது என்னவென்றால், வானசாட்சி ஜெபவீட்டின் போதகர் ஞானதுரை அவர்களின் வலதுகால் செருப்பு இன்று அதிகாலை நித்திய இளைப்பாறுதலுக்குள் பிரவேசித்தது. அன்னாருக்கு வயது எட்டு மாதம். இடதுகால் செருப்பைத் தனியே தவிக்கவிட்டுச் சென்ற அன்னாரின் உடல், பக்கத்து வீட்டு நாயின் வாயிலிருந்து துண்டுதுண்டாக மீட்கப்பட்டுக் குப்பைமேட்டில் அடக்கம் செய்யப்பட்டது. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் புதுச்செருப்போடு வரவும்.

செருப்பில் கருவாட்டுக் குழம்பு தடவியது யார் என்று நாய் சொல்லாது. நானும் சொல்ல மாட்டேன்.

போதகர் என்பது என் அப்பா. கயத்தாறு பக்கம் காற்றாலைக் காட்டில் நைட் வாட்ச்மேன். காற்றை யாரும் திருடமாட்டார்கள், காப்பர் கம்பியைத் திருடுவார்கள். அதற்காக ராத்திரி முழுக்க முழித்திருந்து வானத்தைப் பார்த்துப் பார்த்து, அதில் வேதாகமத்தைக் கண்டுபிடித்துவிட்டார். சனிக்கிழமை அவருக்கு லீவு. அன்றைக்கு எங்கள் மொட்டைமாடிதான் கோயில். கைக்குழந்தைகளையும் சேர்த்தால் இருபதுக்குக் கொஞ்சம் மேலே விசுவாசிகள்.

நான் கிதியோன். பதினொன்றாம் வகுப்பு. இந்த ஊரில் நான் ஏமாற்றாத ஆள் இரண்டே பேர். ஒருவர் அம்மா. இன்னொருவர் இன்னும் பிறக்கவில்லை.

ஜூலை 5, சனி

மாடிக் கூட்டம். கடவுள் வேதாகமத்தை இரண்டு தடவை எழுதினார் என்பது அப்பாவின் போதனை. முதல் தடவை வானத்தில், எழுத்து தெரியாதவனுக்காக. இரண்டாவதுதான் புத்தகத்தில். திருவிழாக் கடையில் வாங்கிய பச்சை லேசர் லைட்டை அப்பா மேலே அடித்தால் ஒரு கம்பு போல அது நட்சத்திரம் வரைக்கும் போய் நிற்கும்.

"அந்தா, கையில கதிரு வச்சிருக்க பொண்ணு. மரியாள். அதுக்கு இந்தப் பக்கம் தராசு. பெல்ஷாத்சார் ராசாவ நிறுத்துப் பாத்த தராசு. இங்கன தேளு கெடக்கு. அதும் மேல கால வச்சு, ரெண்டு கையிலயும் பாம்பப் பிடிச்சுக்கிட்டு நிக்காரே, அது யாரு?"

"ஆண்டவர்!"

"பாம்பு?"

"சாத்தான்!"

"அந்தச் சாத்தான எங்க தொங்க விட்டிருக்கான்?"

"ஆஸ்பத்திரி வாசல் போர்டுல!" என்று எல்லோருக்கும் முந்திக் கத்தியது மூப்பர் தாசையா. உரக்கடை வைத்திருப்பதால் உரக்கத்தான் பேசுவார்.

"இந்த வீட்டு நடைய ஊசி மாத்திர தாண்டி வந்து பதினோரு வருசம் ஆச்சு" என்று அப்பா சாட்சி சொன்னார். ஸ்தோத்திரம் மழையாகக் கொட்டியது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மாடியில் வத்தல் எடுக்க வந்த, என் கூட்டாளி சுடலையின் அம்மா, "அண்ணாச்சி, எம்மவனுக்கு விருச்சிக ராசி. சனி எப்ப விலகும்னு அப்படியே பாத்துச் சொல்லுங்களேன்" என்றார். அப்பா லைட்டைப் பட்டென்று அணைத்தார். எங்கள் வீட்டில் ராசி என்ற வார்த்தைக்கு உதை விழும். கைராசி, முகராசிக்கும் சேர்த்து.

கண்மூடி ஜெபிக்கும்போது லேசரை எடுத்து மூப்பரின் வழுக்கையில் அடித்தேன். கிழக்கில் ஒரு புது நட்சத்திரம் உதித்தது. சாஸ்திரிகள் யாரும் வரவில்லை.

தங்கச்சி பெர்சிஸ் தண்ணீர் குடிக்க மூன்று தடவை கீழே இறங்கிப் போனாள். பத்து வயதுக் கழுதை, ஜெபத்தில் ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

காலையில் நிரப்பிய குடம் சாயங்காலம் காலி. ரெபெக்காள் கிணற்றடியில் பத்து ஒட்டகத்துக்குத் தண்ணீர் இறைத்தாள் அல்லவா? எங்கள் வீட்டில் ரெபெக்காள் நான். பத்து ஒட்டகமும் பெர்சிஸ். சொன்னதும் சிரித்துப் புரையேறிவிட்டது அவளுக்கு. புரையேறினதற்கு இன்னொரு செம்பு.

ஜூலை 11, வெள்ளி

பழைய பேப்பர் கடைக்கு அம்மா அனுப்பினாள். பெர்சிஸும் கூட வந்தாள். பாதி வழியில் உட்கார்ந்துகொண்டாள். மிச்ச வழிக்கு நான் சைக்கிளில் வைத்துத் தள்ளினேன். கடையில் பேப்பருக்குப் பதில் இவளைத் தூக்கித் தராசில் வைத்தேன். "பெல்ஷாத்சார் ராசாவே, எடை குறைந்தால் ராஜ்யம் போய்விடும்" என்றேன். கடைக்காரரும் சிரித்தார்.

இருபத்துமூன்று கிலோ. போன மாதம் பள்ளிக்கூடத்தில் எடுத்தபோது இருபத்தெட்டு.

திருட்டுத் தராசு என்று சொல்லிவிட்டு நானும் ஏறிப் பார்த்தேன். என் எடையைச் சரியாகத்தான் காட்டியது. தராசுகள் ஆளைப் பார்த்துப் பொய் சொல்லும் போலிருக்கிறது.

ஜூலை 12, சனி

வானம் முழுக்க மேகம். காற்று சீசன் வந்தாலே இப்படித்தான், அப்பாவின் வேதாகமத்தை யாரோ மூடி வைத்துவிடுவார்கள். நட்சத்திரம் இல்லாமலே பிரசங்கம் நடந்தது. பெர்சிஸ் என் மடியில் தலை வைத்துத் தூங்கினாள். தலைக்குக் கனமே இல்லை.

காலையில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். அவள் பாயில் ஒண்ணுக்கு இருந்துவிட்டாள். நான் சாக்பீஸால் ஓரம் வரைந்து இந்தியா, இலங்கை என்று பெயர் போட்டேன். வழக்கமாக அடிக்க வருவாள். இன்றைக்கு என் காலைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, மாடியில சொல்லிராதண்ணே" என்று அழுதாள். உடனே இலங்கையை அழித்துவிட்டேன். நான்தான் தண்ணீரைக் கொட்டினேன் என்று அம்மாவிடம் சொல்லிப் பாயைக் காயப்போட்டேன்.

அம்மா நம்பவில்லை. அம்மாவைப் பற்றி முதலிலேயே எழுதியிருக்கிறேன்.

ஜூலை 14, திங்கள்

கொல்லைக் குளியலறையில் எறும்பு. சாதாரண எறும்பு இல்லை, பார்வோனின் சேனை. பெர்சிஸ் போய்விட்டு வந்த இடத்தில் மட்டும் மொய்க்கிறது. "ஏட்டி, உனக்குள்ள சீனி மில்லு ஓடுதா?" என்று கேட்டேன்.

அம்மா ஓடி வந்து பார்த்தாள். சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். எறும்பெல்லாம் போன பிறகும் ஊற்றினாள்.

"எங்கப்பாவுக்கும் இப்படித்தாம்லே இருந்துச்சு" என்றாள். "சக்கர."

"சின்னப் பிள்ளைக்கு எப்படிம்மா சக்கர வரும்?"

அம்மா காலி வாளியை மறுபடியும் குழாயடியில் வைத்தாள்.

ஜூலை 15, செவ்வாய்

சண்டை. அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். நான் கொல்லையில் விறகு உடைப்பதாகப் பாவனை செய்தேன்.

"ஒரு ரத்தம் எடுத்துப் பாத்துட்டு வந்துருவோம்" என்றாள் அம்மா. "ஊசி வேண்டாம். பாக்க மட்டும்."

"பாக்கப் போறவன் பாத்துட்டு விடுவானா தபித்தா? ஜோயலயும் பாக்கத்தான கொண்டு போனோம்."

ஜோயல் என் அண்ணன். எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது செத்துப்போனான். ஆஸ்பத்திரி ஊசி கொன்றது என்பது எங்கள் வீட்டு வரலாறு. அவனைப் புதைத்துவிட்டு வேலைக்குப் போன அன்று, காற்றாலைக்குக் கீழே மல்லாந்து கிடந்து அழும்போதுதான் அப்பாவுக்கு வானம் முதல்முறையாக வாசிக்கக் கிடைத்தது. பாம்பைப் பிடித்து நிற்கிறவர்தான் முதலில் தெரிந்தாராம்.

"ஊசி கொன்னுச்சுன்னு மாடியில நின்னு சொல்லுங்க, ஆமென் போடுவாக. எங்கிட்டச் சொல்லாதீங்க. லீவு கேட்டா வேல போயிரும்னு காய்ச்சலோட நாலு நாள் பிள்ளைய வச்சிருந்தது நாம ரெண்டு பேரும்."

அதற்குமேல் காற்று பலமாக அடித்தது. ஒன்றும் கேட்கவில்லை. கேட்டதையும் நான் கேட்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

பெர்சிஸுக்காக சபையே உபவாசம். அவளும் மதியம் வரைக்கும். எப்படியும் எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டவில்லை என்பதால் அவளுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. தண்ணீர் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அம்மா வயர்கூடையில் இரண்டு கவுன், துண்டு, டம்ளர் எடுத்து வைத்தாள். பத்து மணிக்கு மூப்பரும் அவர் வீட்டம்மாவும் இன்னும் நாலு பெண்களும் ஆள் மாற்றி ஆள் ஜெபிக்கிற சங்கிலி ஜெபத்துக்கு வந்து நடையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களைத் தாண்டாமல் தெருவுக்கு இறங்க முடியாது. மூப்பரம்மா கூடையைப் பார்த்தார். "சிஸ்டர், இது உங்க வீட்டுச் சாட்சி மட்டுமில்ல. நாங்களும் மாத்திரயத் தூக்கிப் போட்டுட்டு வந்தவங்க" என்று அன்பாகத்தான் சொன்னார். அம்மா கூடையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள்.

"நீயே தூக்கிட்டு வாயேம்ல. எங்க மாமா லோடு ஆட்டோ நிக்கி" என்றான் சுடலை. சுவர் மேல் உட்கார்ந்து இப்படிச் சொல்வது எளிது. அப்பாவின் கையிலிருந்து பிடுங்கினால் அவள் திரும்பி வர வீடு இருக்காது. அப்பாவே தூக்க வேண்டும். அப்பா யார் பேச்சைக் கேட்பார்? வானம் சொன்னால் கேட்பார். வானத்தைச் சொல்லவைக்க என்னைவிட்டால் ஆள் ஏது?

ராத்திரி வேதாகமத்தைப் புரட்டினேன், பரீட்சைக்குக்கூட இப்படிப் புரட்டியதில்லை. கிடைத்துவிட்டது. சாத்தான் பாம்பு இருக்கிற அதே புத்தகத்தில் இன்னொரு பாம்பு இருக்கிறது. வனாந்தரத்தில் பாம்பு கடித்து ஜனங்கள் சாகும்போது, மோசே வெண்கலத்தில் ஒரு பாம்பு செய்து கம்பத்தில் தூக்கி வைக்கிறான். அதை ஏறிட்டுப் பார்த்தவன் எல்லாம் பிழைக்கிறான். செய்யச் சொன்னது சாட்சாத் கடவுள். மெடிக்கல் கடைப் போர்டிலும் கம்பம் இருக்கிறது, பாம்பு இருக்கிறது.

சனிக்கிழமை அப்பாவுக்கு அவர் வானத்தையே திருப்பிக் காட்டப்போகிறேன்.

ஜூலை 18, வெள்ளி

இரண்டு தடவை வாந்தி. வாயிலிருந்து கனிந்த வாழைப்பழ வாசம். "எங்கட்டி ஒளிச்சு வச்சுத் தின்ன?" என்றேன். சிரிக்க முயன்றாள்.

ஜூலை 20, ஞாயிறு

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் வாழ்நாள் சாதனை என்பதால் வரிசையாக எழுத வேண்டும்.

நேற்று சாயங்காலம் பெர்சிஸை எழுப்பினால் எழும்பவில்லை. கண் பாதி திறக்கிறது, ஆள் அதில் இல்லை. படுத்த இடத்திலேயே ஓடுகிறவள் மாதிரி மூச்சு வாங்கினாள். மேலே பாட்டு ஆரம்பித்துவிட்டார்கள். அம்மா மாடிப்படி அடியில் நின்று என்னைப் பார்த்து, "லே, நீ ஏதாவது செய்லே" என்றாள். என் சேட்டைகளுக்கு அம்மா கொடுத்த முதல் அனுமதி.

மாடியில் ஜெபக்குறிப்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள். லேசரை எடுத்துக்கொண்டு நடுவில் போய் நின்றேன்.

"எனக்கு ஒரு காரியம் வெளிப்பட்டிருக்கு" என்றேன்.

"தம்பி, வெளையாட்டெல்லாம் கீழ வச்சுக்கிடணும்" என்றார் மூப்பர்.

"மூப்பரய்யா, வனாந்தரத்துல பாம்பத் தூக்கிக் காட்டினது யாரு?"

"மோசே. அதுக்கென்ன இப்ப?"

"செய்யச் சொன்னது?"

படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "கர்த்தர்."

மேகத்துக்கு நடுவே ஒரு கிழிசல். அதில் நாலைந்து நட்சத்திரங்கள். அதைப் பார்த்து லைட்டை அடித்தேன். "அந்தா நிக்காரு பாருங்க, பாம்பப் பிடிச்சுக்கிட்டு. இத்தன நாளும் நாம தப்பா வாசிச்சிட்டோம். அது மோசே. கையில இருக்கது வெண்கலப் பாம்பு. பாத்தவன் பிழைப்பான். ஆஸ்பத்திரி வாசல்ல அது ஏன் தொங்குதுன்னு இப்பச் சொல்லுங்க."

"பாஸ்டர், இது பிசாசுப் பேச்சு" என்று மூப்பர் எழுந்துவிட்டார். "சாத்தான்னு நீங்கதான காட்டினீங்க? பதினோரு வருசச் சாட்சி பாஸ்டர்!"

அப்பா அவரைப் பார்க்கவில்லை. பச்சை வெளிச்சம் போய் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கை ஆடியது, வெளிச்சமும் ஆடியது.

"லைட்ட அசைக்காத" என்றார்.

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பெர்சிஸின் மூச்சுச் சத்தம் மாடிக்கே கேட்பது மாதிரி இருந்தது. அப்பா தொண்டையைச் செருமினார்.

"ஆமா. தெரியுது. மோசேதான்."

அடுத்து என்னைத் தள்ளிக்கொண்டு படியில் இறங்கினார். இரண்டு இரண்டு படியாக. இடதுகால் வழுக்கி முழங்கால் தேய்ந்தது, நிற்கவில்லை. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு தெருவில் ஓடினார். சுடலையின் மாமா லோடு ஆட்டோவைத் திருப்பி நிறுத்தியிருந்தார். பின்னால் வெங்காயச் சாக்குகளுக்கு நடுவில் அப்பா, அம்மா, பெர்சிஸ், நான். திருநெல்வேலி வரை யாரும் வானத்தைப் பார்க்கவில்லை.

ஜூலை 21, திங்கள்

இன்னும் கண் திறக்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

டாக்டரம்மா அப்பாவை வார்டு வாசலில் நிற்கவைத்துத் திட்டினார். "எத்தனை நாளாத் தண்ணி தண்ணின்னு கேட்டா? எத்தனை நாளா? இன்னொரு ராத்திரி வச்சிருந்தா இங்க கொண்டு வந்திருக்க மாட்டீங்க, வேற இடத்துக்குக் கொண்டு போயிருப்பீங்க. இன்னமும் ஒண்ணும் சொல்ல முடியாது." அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என் பள்ளிக்கூடத்தில் நான் நிற்பது மாதிரி. முதல்முறையாக அதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மதியம் மூப்பர் வந்தார். உள்ளே வரவில்லை, கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். போன வருஷம் அவருடைய மனைவி பிரஷர் மாத்திரையை அப்பா பேச்சைக் கேட்டு நிறுத்தினாராம். "நாங்க இனி யார நம்பி நிக்க, பாஸ்டர்?" என்று கேட்டார். கோபமே இல்லாமல் கேட்டார். "வீட்டம்மாவ இன்னைக்கே டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க" என்றார் அப்பா. அதற்குத்தான் மூப்பருக்குக் கோபம் வந்தது. சபை இனிமேல் அவர் உரக்கடை மாடியில் கூடுமாம்.

அப்பா திரும்பி வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து சாயங்காலம் வரை எழும்பவில்லை.

ஜூலை 23, புதன்

திறந்துவிட்டாள்! முதல் வார்த்தை "தண்ணி". ஒட்டகம் பிழைத்துவிட்டது. ஆனால் என் முகம் புகை மாதிரி தெரிகிறதாம். போகப் போகச் சரியாகலாம் என்றார் டாக்டரம்மா. சரியாகும் என்று சொல்லவில்லை. ஊசி தினமும், ஆயுசு முழுக்க.

அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. வார்டு முழுக்கச் சுற்றி வந்து கதை சொன்னேன். பதினோரு வருசம் யாராலும் அசைக்க முடியாத ஆளை ஒரே ஒரு லைட்டால் அசைத்தேன். வானத்துப் பாம்பைப் பிடுங்கி மோசே கையில் கொடுத்தேன். அவர் வானத்தில் அவரையே வழுக்கி விழவைத்தேன். ஏழாம் நம்பர் கட்டில் தாத்தா ஆப்பிள் கொடுத்தார். நைட் டியூட்டி நர்ஸக்கா என்னை "என்ன மோசே?" என்றுதான் கூப்பிடுகிறார்.

ஜூலை 26, சனி

கூட்டம் இல்லாத முதல் சனிக்கிழமை. காற்றடித்து வானம் கழுவிவிட்டது போல இருந்தது. இருட்டினதும் சுடலை வந்தான். வார்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கொஞ்சம் இருட்டு. "அந்த மோசேயக் காட்டுலே" என்றான். லேசர் என் பையில்தான் இருந்தது. வடக்கே தென்னை மரத்துக்கு மேலே அடித்தேன். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று தேடினேன். ஆளைக் காணோம்.

அப்பா அங்கேதான் குழாயடியில் ப்ளாஸ்க் கழுவிக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பிறகு அவர் மேலே பார்த்து நான் பார்க்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். லைட்டை வாங்காமல் என் மணிக்கட்டைப் பிடித்து, அப்படியே என்னையே திருப்பினார். பாதி சுற்று. தென்கிழக்கே, தேளுக்கு மேலே.

"இங்கனதாம்லே எப்பவும் நிப்பாரு."

"அன்னைக்கு அங்க காட்டினேனேப்பா?"

"அன்னைக்கு நீ காட்டினது வடக்க. அங்க பாம்பும் கிடையாது, மோசேயும் கிடையாது. இவரு அன்னைக்கு முழுக்க மேகத்துக்குள்ளதான் இருந்தாரு."

சுடலை என்னைப் பார்த்தான். நான் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன்.

"பின்ன ஏம்ப்பா தெரியுதுன்னு சொன்னீங்க?"

அப்பா என் மணிக்கட்டை விட்டார். ப்ளாஸ்க்கை எடுத்து மூடியைத் திருகினார். அது ஏற்கெனவே திருகித்தான் இருந்தது.

"பிள்ளைக்கு ஊசி நேரமாச்சு" என்றார். "வா."

நர்ஸக்கா இன்றைக்கு அப்பாவையே போடச் சொன்னார், வீட்டில் அவர்தானே போடணும். பெர்சிஸ் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அப்பாவும் மூடிக்கொண்டார். "நீங்க திறக்கணும்" என்று நர்ஸக்கா அதட்ட, திறந்து, குத்தினார்.

இப்போது விஷயம் என்னவென்றால், இந்த வாரம் முழுக்கக் கட்டில் கட்டிலாக நான் சொல்லித் தின்ற ஆப்பிள் ஒன்று, பன் மூன்று. அப்பாவை நான் மடக்கவில்லை. வடக்கு எது, தெற்கு எது என்று தெரியாமல் வெறும் வானத்தில் லைட் அடித்த ஒரு பயலை, இருபது பேருக்கு முன்னால், நட்சத்திரம் ஒவ்வொன்றையும் தெரிந்த ஒரு மனுஷன் "ஆமா, தெரியுது" என்று காப்பாற்றினார். அவ்வளவுதான் நடந்தது.

நாளைக்கு ஏழாம் நம்பர் தாத்தாவிடமிருந்து ஆரம்பித்து எல்லோரிடமும் திருத்திச் சொல்லணும். நர்ஸக்கா சிரிப்பார். சிரித்து முடிக்கிறவரைக்கும் நிற்கணும்.